தப்பிப் போன முகம்

எதிர்ப்பொருள் நூலகத்தை மூடுவதற்கு நீதிமன்றம் கொடுத்திருந்த கெடு அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. காலை பதினொன்றரைக்கு ஜெபமலர் அதன் மதுரைக் கிளையில், மூன்றாவது மாடியில், எண்பத்து நான்காம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்ப் பலகையில் அறுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"பேருதான் நூலகம். ஒரு புஸ்தகத்தக் காணோம்," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் துரைசிங். தூத்துக்குடியில் விடியுமுன் பஸ் ஏறியதிலிருந்து அவன் இந்த மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தான். பயந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

அங்கே புத்தகங்கள் இல்லைதான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆள் உயரக் குளிர்பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் விரல் கனத்தில் குழாய்கள். ஹெபடைடிஸ் சி வந்து, பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிப் போனவர்களின் ரத்தம் அது. தடுப்பூசி செய்வதற்கென்று அரசாங்கம் ஒரு காலத்தில் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்தது. நோய் போய்விட்டாலும் அதைப் பிடிப்பதற்கு உடம்பு செய்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் நின்றுவிடுகிறது. எதிர்ப்பொருளின் வளைவைப் பார்த்தே அது எந்த வைரஸைப் பிடித்தது என்று பின்னோக்கிப் படித்துவிடலாம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஒருவர் உடம்பில் வளர்ந்த வைரஸ் இன்னொருவர் உடம்பில் வளர்ந்ததைப் போல இருக்காது. ஆகவே, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதும் தெரிந்துபோயிற்று. கேட்பவர்களுக்கு அதைத் தேடிச் சொல்ல ஒரு பிரிவையும் திறந்தார்கள்.

அங்கேதான் வினை பிடித்தது. ஒரு ஊரில் பல் பிடுங்கிய டாக்டரின் கிளினிக்கைக் கொளுத்தினார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன பெண்ணை, உனக்கு எவன் கொடுத்தான் என்று கேட்டு வீட்டை விட்டு அனுப்பினார்கள். வழக்குகள் குவிந்தன. தேடல் பிரிவை இழுத்து மூடுங்கள், ரத்தத்தைத் தடுப்பூசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. 'தொற்றைத் தந்தவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காதீர்கள்' என்ற சுவரொட்டி மட்டும் இன்னும் ஒட்டியபடி இருந்தது. அதில் 'தந்தவர்' என்ற சொல்லின் மேல் யாரோ பேனாவால் குத்தியிருந்தார்கள்.

ஜெபமலருக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் நினைவுக்கு வருவது ஒரு திருவிழாக் கடை. பதினேழு வயதில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று முழங்கைக்குக் கீழே ஒரு மீன் பச்சை குத்திக்கொண்டாள். முன்னால் எத்தனை பேருக்கு அந்த ஊசி இறங்கியதோ. அவளுக்கு நோய் அங்கேதான் வந்திருக்க வேண்டும்; மாத்திரையில் குணமானபோது அவள் ரத்தமும் இங்கே வந்து சேர்ந்தது. மீன் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் மங்கி.

அவள் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுபவள். இப்போதெல்லாம் கூண்டில் ஏற வேண்டியதில்லை. கரையில் ஓர் அறை, நான்கு திரை, இரண்டு கைப்பிடி. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் நான்கு எழுத்து, ஏழு எண். ஓர் எழுத்து மாறினால் சென்னைக்குப் போக வேண்டியது கொழும்புக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்றைக்கூட மாற்றி இறக்கியதில்லை.

மாறிப்போனது அவள் பிள்ளைதான்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன், தாமிரபரணி கரையை உடைத்த ஐப்பசியில், ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஆறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஏழாம் நாள் தண்ணீர் முதல் மாடிக்கு ஏறியபோது பதினொரு குழந்தைகளை உர மூட்டை ஏற்றும் லாரியில் வைத்துக் கொண்டுபோனார்கள். தாய்மார் படகுக்குக் காத்திருந்தார்கள். குழந்தைகளின் காலில் கட்டியிருந்தது காகிதப் பட்டை. அதில் நீல மையில் 'பேபி ஆஃப் ஜெபமலர்', 'பேபி ஆஃப் மும்தாஜ்' என்று தாயின் பெயர். மழையில் மை கரைந்தது. வழியில் லாரி நின்று, குழந்தைகள் கை மாறி, மூன்று ஊர்களுக்குப் பிரிந்தார்கள். ஒன்பது திரும்பி வந்தன. ஒரு சின்ன உடலை யாரும் சோதிக்கும் முன்பே புதைத்துவிட்டார்கள். இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை. அவள் பிள்ளை புதைந்ததா, எங்கோ வளர்கிறதா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மரபணு பார்க்கலாமே என்று கேட்காதவர் கிடையாது. அதற்கு இரண்டு பக்கமும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். தான் தத்துப் பிள்ளை என்று தெரியாத ஒருத்தி எதற்காக வந்து ஒப்புதல் கொடுப்பாள்?

நூலகத்தில் தேடலாம் என்று அறிவிப்பு வந்த அன்று ஜெபமலரின் மனசுக்குள் ஓர் ஆசை முளைத்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த வைரஸ் போவது நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான். அந்த ஐந்தாறில் தன் மகளும் இருந்தால்? எங்கிருந்து வந்தது என்று அவளும் தேடிக்கொண்டு வந்தால்?

அந்த ஆசையைத் துரைசிங்கிடம் சொன்னபோது அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஏட்டி, நம்ம பிள்ளைக்கு சீக்கு வந்திருக்கணும்னு ஜெபம் பண்ணுதியா?"

"வந்திருந்தா குணமாயிருக்கும்லா. இப்பதான் மாத்திரை இருக்கே."

"குணமாகட்டும், ஆகாமப் போட்டும். ஒரு தாய் கேக்குற காரியமா இது?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் அந்த ஜெபத்தை அவள் நிறுத்தவில்லை.

மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கே மாரிக்கனி என்ற பெண் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே போனாள். பின்னால் மின்கட்டணம் கட்ட ஒரு கூட்டம் நின்றது.

"யக்கா, பிறந்த தேதி? உங்களுதில்ல, தேடுற ஆளோடது."

"ஐப்பசி… அக்டோபர் இருபத்தொம்போது."

"ஆம்பளையா பொம்பளையா? சரி. நீங்க தந்தவரா, பெற்றவரா?"

"பெத்தவதான்."

"எந்த ஊர்ல? ஆஸ்பத்திரி பேரு தெரியுமா? சீக்கிரம் சொல்லுங்க, சர்வர் நின்னுரும்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: பொருத்தம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே விண்ணப்பத்தைப் புதுப்பித்தாள். ஒவ்வோர் ஆண்டும் அதே பதில். தேடி விண்ணப்பித்தவர்களுக்குள் மட்டும்தான் பொருத்தம் பார்ப்பார்கள் என்பதால், அந்த இரண்டு சொல்லுக்கு மூன்று அர்த்தம் இருந்தது. மகள் உயிரோடு இல்லை. அல்லது இருக்கிறாள், நோய் வரவில்லை. அல்லது நோய் வந்தது, அவள் தேடவில்லை. நடுவில் இருப்பதுதான் மகளுக்கு நல்லது என்று ஜெபமலருக்குத் தெரியும். அதை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ள ஆறு வருஷமாகப் பார்த்தாள். முடியவில்லை.

எண்பத்து நான்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். துரைசிங் எழுந்திருக்கவில்லை.

"நீ போ. நான் கீழ டீ குடிக்கேன். 'இல்ல'ன்னு சொல்லுறத ரெண்டு பேரா போய்க் கேக்கணுமா?"

உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் 'டாக்டர் முகைதீன்' என்று பட்டை. மேஜையில் சாப்பிடாத டிபன் டப்பா.

"உக்காருங்கக்கா. ஆறு தடவை விண்ணப்பிச்சிருக்கீங்க. இன்னைக்கு மிஷின நம்பாம நானே ஒரு தடவ கையால ஓட்டிப் பாக்குறேன். அதுக்கு மேல என்கிட்டயும் ஒண்ணுமில்ல."

"செய்ங்க தம்பி. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். யாரும் எனக்கு வெளங்கச் சொல்லல. இது எப்பிடி ஆளக் கண்டுபிடிக்கு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்த வைரஸுக்கு மேல ஒரு உறை, அதுல புரதம். உங்க உடம்பு செய்யுற ஆன்டிபாடி, அதான் எதிர்ப்பொருள், அந்தப் புரதத்தத்தான் தடவிப் பாத்து அடையாளம் பிடிக்கும். கண்ணு கிடையாது, கை மட்டும்தான். முகத்தத் தடவி ஆளு யாருன்னு சொல்ற மாதிரி. சரியா?"

"சரி."

"இது பொல்லாத வைரஸ். முகத்த மாத்திக்கிட்டே இருக்கும். உங்க உடம்பு ஒரு முகத்துக்குக் கைய செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அது வேற முகத்துக்குப் போயிரும். உடம்பும் விடாது, பின்னாலயே போய் அதுக்கு ஒரு கை செய்யும். அப்பிடி வருஷக்கணக்கா துரத்தல். அதனால உங்க ரத்தத்துல வரிசையா அத்தன கையும் இருக்கு. எந்தக் கை எந்தச் சமயத்துல செஞ்சதுன்னு நாங்க படிச்சிருவோம்."

"அப்ப எம்பிள்ளைக்கு எந்த முகம் போயிருக்கும்?"

"பெரும்பாலும், அந்த நேரம் உங்களுக்கு அடையாளம் தெரியாத முகம். தாயோட ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்கும் போகும். தெரிஞ்ச முகத்தையெல்லாம் அது மறிச்சிரும். தெரியாத ஒண்ணுதான் தப்பிச்சு அந்தப் பக்கம் போகும்."

"நான் பாக்காம விட்டதுதான் அவகிட்டப் போச்சு."

"அப்பிடி எடுத்துக்காதீங்க. நீங்க அதையும் விடல. நாலஞ்சு மாசம் கழிச்சு உங்க உடம்பு அந்த முகத்துக்கும் ஒரு கை செஞ்சிருக்கு. இந்தா, இங்க இருக்கு." திரையில் ஒரு புள்ளியைத் தொட்டார். "அதே முகத்துக்கு உங்க மகளோட உடம்பும் ஒரு கை செஞ்சிருக்கும். அவளுக்கு அதுதான் முதல் கை. இந்த ரெண்டையும்தான் சேத்துப் பாப்போம்."

ஜெபமலர் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். நாலஞ்சு மாசம். அப்போது அவள் பால் வற்றிய மார்போடு அம்மா வீட்டில் கிடந்தாள். உடம்பு மட்டும் அவளுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் போனதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

முகைதீன் விண்ணப்பத்தைத் திறந்தார். படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"அக்கா, நீங்க யாரத் தேடுறீங்க?"

"எம்மகள. இவ்வளவு நேரம் அதத்தான பேசினோம்?"

"இதுல உங்களுக்கு நோய் கொடுத்தவரத் தேடுறதா இருக்கு."

"அவன நான் எதுக்குத் தேடணும்? பச்சை குத்துனவன் போய்ச் சேந்திருப்பான்."

"இங்க பாருங்க. 'பெற்றவர்'ங்கிற கட்டத்துல டிக் இருக்கு. ஆறு தடவையும்."

"ஆமா. பெத்தவதான நான்?"

முகைதீன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அக்கா, அது… தொற்றப் பெற்றவர். வாங்கிக்கிட்டவங்க. பிள்ளையப் பெத்தவங்க இல்ல. 'தந்தவர்'னு போட்டிருக்கணும். தந்தவங்கள ஒரு பக்கமும் பெற்றவங்கள ஒரு பக்கமும் வச்சுத்தான் மிஷின் பொருத்தம் பாக்கும். நீங்களும் பெற்றவர், அவங்க இருந்தா அவங்களும் பெற்றவர். ஒரே பக்கத்துல இருக்கிற ரெண்டு பேர அது சேத்தே பாக்காது."

ஏழு எண், நான்கு எழுத்து. இருபத்திரண்டு வருஷம் ஒரு பெட்டியைக்கூட அவள் மாற்றி இறக்கியதில்லை.

"மாத்துங்க," என்றாள். மறுபடி சொன்னாள்.

அவர் மாற்றினார். சுழலும் வளையம் இரண்டு சுற்றுகூட முடிக்கவில்லை. திரையில் பச்சையாக ஒரு வரி வந்து நின்றது.

பொருத்தம்: ஒன்று.

முகைதீன் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. தம்ளரை மட்டும் பிடித்திருந்தாள்.

"பொண்ணு. பிறந்த வருஷம் சரியா இருக்கு. சின்ன வயசுலயே கண்டுபிடிச்சு மாத்திரை கொடுத்திருக்காங்க, முழுக்கக் குணம். பேரும் ஊரும் எனக்கே தெரியாது, பூட்டியிருக்கும். தேடல் திறந்த முதல் மாசமே விண்ணப்பிச்சிருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிச்சிருக்காங்க."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா. அதே பட்டியல்ல உங்களுக்குப் பக்கத்துலயேதான் இருந்திருக்காங்க."

"என்ன எழுதியிருக்கா? எதாவது எழுதியிருப்பாள்ல?"

குறிப்பு என்ற கட்டத்தில் நான்கு வரி இருந்தது. முகைதீன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

'என் அம்மாவுக்கு இந்தத் தொற்று இருந்ததே இல்லை. அப்பாவுக்கும் இல்லை. எனக்கு எப்படி வந்தது என்று அம்மா இன்னும் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். தந்தவர் யாராக இருந்தாலும் கோபமில்லை. அம்மாவின் மேல் தப்பில்லை என்று அவரிடம் சொல்ல முடிந்தால் போதும்.'

"பொய்," என்றாள் ஜெபமலர். "அம்மைக்கு இருந்துச்சே…" பாதியில் நிறுத்திவிட்டாள்.

மறுபடி படித்தாள். மூன்று இடத்தில் அம்மா. மூன்றும் வேறு ஒருத்தி. பிள்ளையின் நோய்க்கு இத்தனை வருஷமாகத் தன்னையே நொந்துகொண்டிருக்கும் ஒருத்தி. லாரியில் வந்ததைத் தெரிந்து எடுத்தாளோ, தெரியாமல்தான் எடுத்தாளோ. எடுத்து வளர்த்து, மாத்திரை கொடுத்து, மகளுக்கு இப்படி நாலு வரி எழுதும் மனசையும் கொடுத்திருக்கிறாள்.

"அவளுக்குத் தெரியாது," என்றாள் ஜெபமலர்.

"தெரியலன்னுதான் தோணுது. நீங்க சரின்னு சொன்னா, அஞ்சு மணிக்குள்ள ஒரு அறிவிப்பு போகும். அதுக்கப்புறம் நூலகம் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் நேரடியா எழுதிக்கலாம், அந்த வழி மட்டும் திறந்திருக்கும்."

"என்னன்னு போகும்?"

"'உங்களுக்குத் தொற்று தந்தவர் உங்களைத் தேடுகிறார்'னு போகும். கீழ 'உறவு'ன்னு ஒரு கட்டம். அதுல 'தாய்'னு போட்டா…"

"அவ அம்மா மேல தப்பில்லன்னு தெரிஞ்சிரும். அம்மாவே இல்லன்னும் தெரிஞ்சிரும்."

"ஆமா."

"உறவு போடாம விட்டா?"

"'தந்தவர்'னு மட்டும்தான் போகும். எப்பிடித் தந்தாங்கன்னு அவங்க கேப்பாங்க. கேட்டா என்ன சொல்றதுன்னு அப்ப நீங்கதான் முடிவு பண்ணணும். அதுல நான் நடுவுல வர முடியாது."

மணி மூன்றரை. வெளியே யாரோ டோக்கனைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ஜெபமலர் முழங்கையில் இருந்த மீனைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரொட்டியில் குத்துப்பட்டுக் கிடந்த சொல் நினைவுக்கு வந்தது. அதை யாராவது தன் நெற்றியில் ஒட்டினால் செத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"தந்தவர்னே இருக்கட்டும்," என்றாள். "உறவ விட்ருங்க."

முகைதீன் அழுத்தினார். 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

துரைசிங் டீக்கடை பெஞ்சில், இரண்டாவது டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாலு மணி பஸ்ஸு இருக்கு," என்றான்.

"கொஞ்சம் இருங்க."

"எதுக்கு?"

"இருங்களேன்."

ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். துரைசிங் கையிலிருந்து பிடுங்கி, கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி எட்டத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"'வணக்கம். தேடி வந்ததற்கு நன்றி. உங்களுக்கும் குணமாகிவிட்டதா? இப்போது சுகமாக இருக்கிறீர்களா?'" பார்வையை மேல் வரிக்குக் கொண்டுபோனான். "அனுப்புநர்… பெற்றவர். பெற்றவர்னு போட்டிருக்கு. யாருட்டி இது, உங்கம்மையா? அவ செத்து ஏழு வருஷமாச்சே."

ஜெபமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது.

"இல்ல," என்றாள். "நம்ம பிள்ள."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெபமலர் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். பதில் எழுதும் இடத்தில், அனுப்புநர் என்பதற்கு நேராக, 'தந்தவர்' என்று முன்பே அச்சாகியிருந்தது. அதை அழிக்க முடியாது. அதற்குக் கீழே, வேலையில் பெட்டி எண்ணைச் சரிபார்ப்பது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள்:

'சுகம். நீ எப்படிம்மா இருக்கிறாய்?'

பிறகு 'ம்மா'வை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.